ஊசிக்கு ஒரு திரை கட்டுங்கள்: மாலை நேர கிளினிக் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஊசி போட்டு ஓய்வு பெற்ற செவிலியர் நான். உங்களில் சிலர் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நடுராத்திரியில் என் பிளாஸ்கிலிருந்து டீ வாங்கிக் குடித்தவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் காலையில் இடியாப்பம் விற்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு முதுகுவலி என்று ஒரு கிளினிக்குப் போனாள். எந்தக் கிளினிக் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் "நம்ம கிளினிக் இல்லை" என்று நிம்மதியாகி விடுவீர்கள். டைக்ளோபினாக் என்ற வலி ஊசியை எழுதிக் கொடுத்தார்கள். 75 மில்லிகிராம், 3 மில்லி ஆம்பூல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி. ஊசி போடும் பெண் கேட்டிருக்கிறாள்: "இடுப்புலயா அக்கா, கையிலயா?"

ஊசி போடும் இடம் என்பது மருந்து மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு ஸ்டூல். எதிர் பெஞ்சில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் ஆண்கள். சேலை கட்டிய பெண் அங்கே என்ன பதில் சொல்வாள்? "கையிலயே போட்டுடும்மா."

ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்ற முடியுமா என்று யாராவது முயன்று பார்த்திருக்கிறீர்களா? ஏறாது. பாதியில் பிடித்துக்கொள்ளும். துணி எங்கே முடிகிறதோ அங்கேதான் ஊசி இறங்கும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, டெல்டாய்டு என்ற தோள் தசை தடித்திருக்கும் இடத்தில் போட வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் தையல்காரர் வைத்த இடத்தில் போட்டால் அது தசைக்கும் கீழே போய்விடுகிறது. மணிக்கட்டைத் தூக்கவும் விரல்களை நீட்டவும் வைக்கும் ரேடியல் நரம்பு, கை எலும்பைச் சுற்றி இறங்கி வரும் பகுதி அது. உங்களுக்கு நான் உடற்கூறு சொல்லித் தரத் தேவையில்லை.

கட்டைவிரல்வரை கரண்ட் அடித்த மாதிரி இருந்தது என்றாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி முழு 3 மில்லியையும் ஏற்றி விட்டார்கள். மறுநாள் விடிகாலை மாவு பிசைந்து இடியாப்ப உரலில் போட்டவளுக்கு மணிக்கட்டு எழும்பவில்லை. விரல்களை மடக்க முடிகிறது, நீட்ட முடியவில்லை. வலது கை. இன்றைக்கும் மணிக்கட்டைத் தாங்கும் ஸ்ப்ளிண்ட் கட்டிக்கொண்டு பிசியோதெரபிக்கு நடக்கிறாள். சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்காகும் என்றிருக்கிறார்கள். பத்தாவது படிக்கும் மகள் இப்போது நாலு மணிக்கு எழுந்து உரல் பிழிகிறாள். மகளுக்குத் தலை பின்னிவிட முடியவில்லையே என்பதுதான் அம்மாவின் புலம்பல். வருமானம் போனதைப் பற்றி அவள் என்னிடம் பேசவே இல்லை.

நான் போய்க் கேட்டேன். "கொரோனா ஊசி எல்லாருக்கும் கையிலதானே போட்டாங்க மேடம்?" என்று பதில் வந்தது. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே 0.5 மில்லி. இது அதைப் போல ஆறு மடங்கு, அதுவும் தசையை எரிக்கும் மருந்து. கைத் தசை சின்னது. 1 மில்லி தாங்கும். நல்ல கட்டுடல் ஆளுக்கு 2 மில்லிவரை போகலாம். இந்தப் பெண்ணின் கை என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். 3 மில்லி ஆம்பூலோடு வரும் தாளிலேயே ஆழமாகப் புட்டத் தசையில் போட வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தாள் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். குப்பைக் கூடைக்கு.

எல்லாவற்றையும் இடுப்பில் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாய்க்கடித் தடுப்பூசியை இடுப்பில் போட்டால் சரியாக வேலை செய்யாது, பெரியவர்களுக்குக் கையில்தான் போட வேண்டும். அளவு சின்னதாக இருந்தால் கை நல்ல இடம். அளவு பெரிதானால் இடுப்புக்கோ, தொடையின் வெளிப்பக்கத்துக்கோ போக வேண்டும். அதற்கு மறைவு வேண்டும். நான் கேட்பது அந்த மறைவைத்தான்.

உங்கள் வரவேற்பறைகளைப் பார்த்திருக்கிறேன். டோக்கன் எண் ஓடும் பலகை, டிவி, பணம் செலுத்த ஸ்கேன் அட்டை. ஒரு கிளினிக்கில் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகிவிடக் கூடாதென்று ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். மீனுக்குத் திரை உண்டு. என் தெருப் பெண்ணுக்கு இல்லை.

நானும் தவறு செய்தவள்தான். வேலையில் சேர்ந்த புதிதில், வார்டில் கூட்டம் நெருக்க, எலும்பும் தோலுமாக இருந்த ஒரு தாத்தாவின் கையில் 3 மில்லி வைட்டமின் ஊசியை இறக்கினேன். மறுநாள் கை புடைத்துக்கொண்டு, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஹெட் சிஸ்டர் அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் கிளினிக்கில் அப்படித் திட்ட யார் இருக்கிறார்கள்? ஊசி போடுவது ஆறு மாதக் கோர்ஸ் படித்த சின்னப் பெண். "சார், 3 மில்லியைக் கையில போடலாமா?" என்று அவள் கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா? டைக்ளோபினாக்கோடு வயிற்று அமிலத்துக்கான ரானிடிடினையும் ஒரே சிரிஞ்சில் உறிஞ்சி ஒரே குத்தில் முடிக்கச் சொல்லும் பழக்கம் வேறு. மாத்திரையில் தீரும் வலிக்கு ஊசி எதற்கு என்று கேட்டால், "ஜனங்களே கேட்கிறாங்க" என்கிறீர்கள். கேட்கிறார்கள்தான். ஊசி போடாதவர் டாக்டரே இல்லை என்று அவர்களைப் பழக்கியது யார்?

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது சின்ன விஷயம்.

ஊசி போடும் மூலையில் ஒரு கம்பி, ஒரு திரை. சீட்டில் மருந்தின் பெயரை எழுதும்போதே "இடுப்பில்" அல்லது "தொடையில்" என்று இடத்தையும் எழுதுங்கள், ஊசி போடும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. "கையிலயா, இடுப்புலயா" என்று நோயாளியிடம் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அது காபியா டீயா என்று கேட்பது போல அல்ல. கையில்தான் போட்டாக வேண்டும் என்றால், அதே 75 மில்லிகிராம் 1 மில்லிக்குள் அடங்கிய, கையிலும் போடக்கூடிய வகை மருந்துக் கடையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட. அப்போதும் ரவிக்கைக் கையைக் கழற்றித் தோள் முழுக்கத் தெரிய வேண்டும். மறுபடியும் திரைக்குத்தான் வந்து நிற்கிறோம், டாக்டர்.

தயவுசெய்து கட்டுங்கள். துணிதான் சிக்கல் என்றால் சொல்லி அனுப்புங்கள், அளவெடுத்து நானே தைத்துக் கொண்டுவருகிறேன். பச்சை நிறம் போதும்தானே?

பணிவுடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்