டிஸ்பென்சரிகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாதியர் வெளிநாடு போவதைப் பற்றியும் வைத்தியசாலை விடுதிகளில் ஆள் போதாததைப் பற்றியும் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். பின்னேரமானதும் மட்டக்களப்பிலும் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வீதிகளிலும் திறக்கும் தனியார் டிஸ்பென்சரிகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதுவார் இல்லை. நோயாளிக்கு டொக்டரைவிட அதிக நேரம் முகம் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

பெரும்பாலும் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள். நம்பர் துண்டு கொடுப்பதும், காசு வாங்குவதும், மருந்து கட்டுவதும், புண் கழுவுவதும், சில இடங்களில் ஊசி போடுவதும் அவர்களே. இதையெல்லாம் யார் பழக்கினார்கள் என்று கேட்டால், முன்பு அங்கே நின்ற பிள்ளை என்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பழக்கியவர் அதற்கும் முன்பு நின்றவர்!

சென்ற மாதம் ஓரிடத்தில் பார்த்தேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த முதியவர் ஒருவர் கதிரையில் அமர்ந்த கையோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். கை கீழே தொங்கியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் ஆறியிருக்க விட்டு, முதுகைச் சாய்த்து, வெறுங்கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டிய அளவு அது. அந்த முதியவருக்குப் பார்த்ததுபோல் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். துண்டில் எழுதிய அந்த எண்ணை நம்பித்தான் டொக்டர் குளிசையைக் கூட்டுவார்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சொற்பச் சம்பளத்துக்கு இரவு வரை நிற்கிறார்கள், கனிவாகவும் பேசுகிறார்கள். குறை அவர்களை நிறுத்தியவர்களிடமும் ஒழுங்குபடுத்துபவர்களிடமும் இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நான் போன இடங்களில் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஊசி போடுபவரின் தகைமையைச் சொல்லும் காகிதம் எதையும் காணவில்லை.

பிரித்தானியாவில் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் பெரும்பாலும் பதிவுபெற்ற தாதியே தடுப்பூசி போடுகிறார். சீனி வருத்தக்காரர்களையும் முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களையும் தொடர்ந்து பார்க்கிறார். 1990இல் அந்த வைத்தியர்களுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம் மாறிய பிறகு அத்தகைய தாதியரின் தொகை வேகமாகக் கூடியது. இங்கேயும் அத்தகைய தாதியருக்கு வேலை நிறைய உண்டு. சீனி உள்ளவரின் செருப்பைக் கழற்றி விரலிடுக்கைப் பார்க்க டொக்டருக்கு நேரம் கிடைப்பதில்லை. இன்சுலினை ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துப் போனதை வயிற்றைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அந்த மருந்தை ஈரமான மண்பானைக்குள் எப்படி வைப்பது என்று ஒருவர் ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சீனியால் கால் போன பிறகு விடுதியில் கட்டுப்போடத் தாதியராகிய நாங்கள் இருந்தோம். கால் போகாமல் பார்க்க ஆள் இல்லை.

எங்களுடைய மூன்று வருடப் பயிற்சியில் பெரும்பகுதி வைத்தியசாலை விடுதிகளிலேயே கழிந்தது. இனிவரும் மாணவர்களை ஒரு குடும்ப வைத்தியரின் நிலையத்திலும் சில வாரங்கள் நிற்க வைக்கலாம். அதைவிட அவசரமானது, இப்போது டிஸ்பென்சரிகளில் நிற்பவர்களின் பயிற்சி. மட்டக்களப்புத் தாதியர் கல்லூரியோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குறுங்கால வகுப்பைத் தொடங்கட்டும்: கை கழுவுதல், பிரஷர் பார்த்தல், புண் கட்டுதல், மருந்துத் துண்டை வாசித்தல், ஊசிக்குப் பிறகு ஒவ்வாமை வந்தால் முதலில் செய்ய வேண்டியது. ஊசி போடும் வேலையை மட்டும் பதிவுபெற்ற தாதியருக்கே விட வேண்டும். படிப்பிக்க என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம், பஸ் காசு தந்தால் போதும்.

டொக்டர்மாரிடம் கேட்பது ஒன்றுதான்: வகுப்புக்குப் போகும் நாளில் பிள்ளைகளின் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி