பூசணிக்கு ஈர்க்கு எழுதிக்கொள்வது

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
ஆனி கடைசி ஞாயிறு

அன்புள்ள பூசணி,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின்ர முழங்கால் அப்பிடியேதான், மாமரம் இந்த முறையும் ஏமாத்திப்போட்டுது. நாலு மாதமாப் பதில் போடாததுக்கு வையிறதெண்டால் நேரில வந்து வை. உன்னைப் பூசணி எண்டு எழுதலாமோ எண்டு இந்தமுறை ரெண்டுதரம் யோசிச்சன், ஏனெண்டால் கடிதம் முழுக்க உடம்பின்ர அளவுதான் வரப்போகுது. ஆனால் வேற பேர் சொல்லிக் கூப்பிட்டால் நீ திரும்பியும் பாக்கமாட்டாய்.

விசயம் இதுதான். ரவுணில ஒரு புடவைக்கடைக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னம் புதுப் படம் எடுத்துப் போடப்போகினம். நாலு மொடல், நாலு அளவு: பிளவுஸ் 32, 36, 40, 46. முதலாளியின்ர மகள்தான் பிடிச்ச பிடியில நிக்கிறா. தையலும் சாறி கட்டுறதும் என்ர பொறுப்பு. படம் எடுக்கிறது நீதான் எண்டு உன்னைக் கேக்காமலே சொல்லிப்போட்டன். கோவிக்காதை, முழுக்க வாசி.

முதலாளி நினைக்கிறார், நாலு அளவில நாலு பெட்டையளைக் கொண்டந்து நிப்பாட்டினால் அலுவல் முடிஞ்சுதெண்டு. மொடல் வாசலுக்குள்ள கால் வைக்க முன்னமே வேலையில முக்கால்வாசி முடிஞ்சிருக்க வேணும் எண்டது அவருக்கு விளங்குதில்லை. எல்லா இடமும் மெல்லிய பிள்ளையள்தான் படத்தில நிக்கினம் எண்டால் ஆக்கள் ரசனையில பிழை சொல்லுவினம். தையல்காரியைக் கேட்டால் முதல் குற்றவாளி மாதிரிக்குத் தைக்கிற சட்டைதான். அதை ஒரே அளவில வெட்டித் தைச்சு வைச்சால், அதுக்குள்ள போகக்கூடிய உடம்புதான் படத்துக்கு வரும். வேற உடம்பு வந்தால் என்ன செய்யினம் தெரியுமோ? 34 பிளவுஸின்ர முதுகைக் கத்தரியால பிளந்து, ஒட்டுநாடா ஒட்டி, முன்பக்கம் மட்டும் தெரியிற மாதிரி நிப்பாட்டுகினம். அவளால திரும்ப ஏலாது, கை தூக்க ஏலாது, வடிவா மூச்சு விடவும் ஏலாது. கடைசியில பழி அவளுக்கு: "உடம்பான பிள்ளையள் கமராவுக்கு முன்னால விறைச்சுப்போகினம்." நாடா ஒட்டின சட்டையோட ஆர்தான் விறைக்காமல் நிப்பினம்?

அதால நாலு பேருக்கும் நாலு பிளவுஸ், ஆளை அளந்து தைக்கிறன். 36 வெட்டின கடதாசியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பெருப்பிச்சு 46 ஆக்கினால் பிழைக்கும். மார்பு 2 அங்குலம் கூடினால் தோள் அரை அங்குலத்துக்கு மேல கூடப்படாது. கூட்டினால் கழுத்து அகண்டு தோளால வழுகும், பிறகு படத்துக்குப் படம் ஒருத்தி ஓடிவந்து இழுத்துவிட வேணும். நெஞ்சு பெருத்த ஆளுக்கு டார்ட், அதுதான் துணியை உள்ளுக்கு மடிச்சுப் பிடிக்கிற தையல், ஒண்டைக் கூட்டி ஆழமாப் பிடிக்க வேணும், அகலத்தை மட்டும் கூட்டினால் துணி கமக்கட்டுக்குள்ள போய்க் குவியும். கைச்சுற்றை மேற்கையின்ர மொத்தமான இடத்தில, கையைத் தொங்கவிட்டு ஒருக்கா, மடக்கி ஒருக்கா அளக்கிறன். மடக்கேக்க வாற அளவுதான் கணக்கு. படத்தில கை இறுகி ரெண்டு துண்டாத் தெரியிறதுக்குக் காரணம் கையில்லை, அரை அங்குலம் குறைச்சு வெட்டின துணி.

ரெண்டு பக்கத் தையலிலயும் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு அங்குலம் உள்ளுக்கு விட்டால் மொத்தம் 4 அங்குலம் பிரிக்கலாம். ஆனால் பட்டில பிரிச்சால் பழைய ஊசித் துளை வரிசையாத் தெரியும், உன்ர கமரா அதைத்தான் முதல் பிடிக்கும். அதால முதல் நாள் நூலோட்டம் மட்டும், போட்டுப் பாத்த பிறகுதான் மெசினில வைக்கிறது. அளவெடுக்கிறதும் போட்டுப் பாக்கிறதும் படத்துக்கு நாலு நாள் முன்னம் முடிய வேணும்.

சாறி எல்லா அளவுக்கும் பொருந்தும் எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு கணக்கு வைச்சிருக்கிறன், நீயும் பார். பிளவுஸ் துண்டை வெட்டினால் மிச்சம் 5.5 மீற்றர். முதற் சுற்றுக்கு ஒரு இடுப்பு. கொய்யகம், அதுதான் முன்மடிப்பு, எடுத்த பிறகு வாற சுற்றுக்கு இன்னொரு இடுப்பு. நெஞ்சைக் கடந்து தோளுக்குப் போக மெல்லியவளுக்கு 60, பெருத்தவளுக்கு 65 சென்ரிமீற்றர். தோளில இருந்து தொங்க ஒரு மீற்றர். இடுப்பு 90 சென்ரிமீற்றர் உள்ளவளுக்கு இதெல்லாம் போக 210 மிஞ்சும். 12 சென்ரிமீற்றர் அகலத்தில ஒரு மடிப்பு 24 தின்னும், எட்டு மடிப்புத் தாராளம். இடுப்பு 120 எண்டால் 145தான் மிச்சம், அதே அகலத்தில ஆறு மடிப்பு. அந்த ஆறும் அகண்ட வயிற்றில பிரிஞ்சு நிக்க, "சாறி இவவுக்கு எடுப்பில்லை" எண்டுவினம். மடிப்பை 10 சென்ரிமீற்றராக்கி, முந்தானையை 15 குறைச்சால் அவளுக்கும் எட்டு. ஒரே சாறிதான், ஒருதரும் வித்தியாசம் பிடிக்கமாட்டினம்.

உள்பாவாடைக்கு நாடா வேண்டாம், நாலு விரல் அகலத்தில பட்டி வைச்சுத் தைக்கிறன். நாடா சதையை வெட்டி, சாறிக்கு மேலால ஒரு கோடு போடும். நாடாதான் எண்டு அடம்பிடிக்கிறவைக்கு முடிச்சை வலப்பக்கம் விட்டால் சாறி மூடிக்கொள்ளும்.

இனி உன்ர பகுதி. கடைக்காரர் காட்டின அறை 12 அடி. நீ தூர நிண்டு எடுக்கிற 85 மில்லிமீற்றர் லென்ஸ்தான் போடுவாய் எண்டு தெரியும். தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் இடம் விட்டு 2 மீற்றர் உயரம் நிமிர்ந்த படத்தில பிடிக்க, முழுச் சென்சர் கமராவில அதுக்கு 4.7 மீற்றர் வேணும். ஆளுக்குப் பின்னால நிழல் விழாமல் ஒண்டரை மீற்றர், உனக்குப் பின்னால அரை மீற்றர், எல்லாமா 22 அடி. ஆடியில கலியாண மண்டபங்கள் சும்மா கிடக்கும், ஒண்டைக் கேட்டு வைச்சிருக்கிறன். "அறைக்குள்ள 35 மில்லிமீற்றர் அகண்ட லென்ஸைப் போட்டு எடுத்தால் என்ன?" எண்டு கேட்டவருக்கு நான் சொன்னதைச் சரி பார்: முழு ஆளையும் பிடிக்க 2 மீற்றரில நிண்டு எடுத்தால், கமராவுக்கு 20 சென்ரிமீற்றர் கிட்ட இருக்கிற நெஞ்சோ வயிறோ 11 வீதம் பெருத்துத் தெரியும். 4.7 மீற்றரில அது 4 வீதம். உடம்பு அதேதான், கமராக்காரி நிக்கிற இடம்தான் வேற. போனால கிட்ட நிண்டு எடுத்த படத்தைப் பாத்து எத்தினை பிள்ளையள் இரவுச் சாப்பாட்டை விட்டிருக்குங்களோ.

நாலு பேரையும் சேர்த்து எடுக்கேக்கயும் கவனம். அகண்ட லென்ஸில ஓரத்தில நிக்கிற ஆள் பக்கவாட்டில இழுபடும். வழக்கமா மொத்தமான ஆளைத்தான் ஓரத்துக்குத் தள்ளுறது. 46 நடுவில நிக்கட்டும், நீ பின்னுக்குப் போ. கமரா இடுப்பு உயரத்தில, நேரா. கண் உயரத்தில வைச்சுக் கீழ பாத்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும்.

வெளிச்சத்துக்கு நீ கொண்டுவாற 120 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கிற துணிப்பெட்டி) காணும், மற்றப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை ரிஜிபோம் பலகை நான் ஒழுங்கு பண்ணுறன். நாலு பேருக்கும் ஒரே வெளிச்சம், நிலத்தில ஒரே அடையாளம், ஒரே நிலை: முன், பக்கம், பின். இதில நான் விட்டுக்குடுக்கமாட்டன். 32 போட்டவள் சிரிச்சுக்கொண்டு நடந்து வர, 46 போட்டவள் கதிரையில இருந்து, மடியில பையை வைச்சு, கறுப்புச் சாறியில, அரை இருட்டில நிண்டால் அந்தப் படத்தை எடுக்காமலே விடலாம். மறைக்கச் சொல்லி ஒருதரும் வாய் திறந்து சொல்லாயினம். "இவவுக்குக் கொஞ்சம் இருட்டா எடுப்பமே, வடிவா இருக்கும்" எண்டுதான் தொடங்குவினம்.

அதுக்குப் பிறகு கணினி. மற்றதெல்லாத்தையும் விட எனக்குப் பயம் இதிலதான். பழைய விளம்பரம் ஒண்டை இப்ப மேசையில விரிச்சு வைச்சிருக்கிறன். கட்டம் போட்ட பட்டு, அகண்ட பச்சைக் கரை. இடது நாரிக்கு, இடை ஒடுங்கிற இடத்துக்குக் கிட்ட வரேக்க கட்டங்கள் சதுரம் விட்டு ஒல்லியாகி, கீழ போகப் போகத் திரும்பச் சதுரமாகுது. கரை நாலு விரல் அகலத்தில வந்து, அந்த இடத்தில மட்டும் மூண்டு விரல். பின்னால கதவு நிலை உள்ளுக்கு வளைஞ்சிருக்கு. வீடு கட்டின மேசனில பிழையில்லை, போட்டோஷொப்பில நாரியைத் தள்ளின கை கதவையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுது. அதே கைதான் முகத்தையும் ரெண்டு நிறம் வெள்ளையாக்கியிருக்கு, கழுத்தை மறந்துபோச்சு. இதைப் பாத்துச் சாறி வாங்கிறவள் கட்டத்தின்ர அளவையும் பிழையாத்தான் விளங்கியிருப்பாள்.

உன்ர பிரான்ஸ் சட்டத்தைச் சொல்லி முதலாளியைப் பயப்பிடுத்தினன். அங்க 2017 ஒக்ரோபர் 1இல இருந்து, விளம்பரப் படத்தில மொடலின்ர உடம்பை மெலிய வைச்சாலும் பெருக்க வைச்சாலும் திருத்தின படம் எண்டு எழுதிப் போட வேணும், இல்லாட்டி 37,500 யூரோ, விளம்பரச் செலவில 30 வீதம் வரைக்கும் ஏறலாம் எண்டன். "பிரான்சில தானே" எண்டார் மனிசன். அவர் சொன்னதும் ஒரு கணக்கில சரி. சட்டம் போட்ட உன்ர பாரிஸில மேடையில என்ன நடக்குது? 2025 இலையுதிர்-குளிர்கால உடுப்புக் காட்சிகளை வோக் பிசினஸ் எண்ட உடுப்புத்துறைச் செய்தி வெளியீடு எண்ணினது: நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் எல்லாமா 198 காட்சி, 8,703 உடுப்பு. அமெரிக்க அளவு 14உம் அதுக்கு மேலயும் போட்டு வந்தது 0.3 வீதம். நடு அளவு 2 வீதம். மிச்சம் 97.7உம் மெல்லிய அளவு. சட்டம் கணினியைத்தான் எட்டிப் பாக்குது, வெட்டுமேசைக்கு அது போகேல்லை.

முதலாளியின்ர மருமகனுக்கு இன்னொரு யோசனை: ஏஐயால நாலு அளவு உடம்பைக் கீறிவிடலாமாம், மொடலுக்கும் காசில்லை, தையலுக்கும் காசில்லை. ஜீன்ஸ் கொம்பனி லீவைஸ் 2023 மார்ச்சில இப்பிடித்தான், பலவித உடம்பும் நிறமும் காட்ட ஏஐ மொடல்களைச் சோதிக்கப்போறம் எண்டு அறிவிச்சு நல்லா வாங்கிக் கட்டினவை. எனக்கு நியாயம் அநியாயத்துக்கு முன்னமே தையற் கேள்வி ஒண்டு இருக்கு. 46 பிளவுஸ் ஒண்டை ஒருதரும் தைக்காமல், ஒருதரும் போடாமல், அது தோளில எப்பிடி நிக்கும் எண்டு அந்தக் கணினிக்கு ஆர் சொன்னது? வாங்கினவள் வீட்டில போட்டுப் பாத்து அழுதால் அந்தப் பிளவுஸ் என்ர மேசைக்குத்தான் திருத்த வரும்.

படத்துக்குக் கீழ "பிளஸ் சைஸ்" எண்டு போடவேண்டாம் எண்டு மகளிட்டச் சொல்லிப்போட்டன். 32க்குக் கீழ ஒண்டும் எழுதாதவை 46க்கு மட்டும் ஏன் எழுத வேணும்? உயரம், மார்பு, நாரி, இடுப்பு, போட்டிருக்கிற அளவு, இவ்வளவும் நாலு பேருக்கும் போட்டால் ரொறொன்ரோவில இருந்து ஓடர் பண்ணுறவளுக்கும் உதவும். பிளவுஸுக்கு உடம்பு அளவை விட ஒரு அங்குலம் இளக்கம், குர்தாவுக்கு மூண்டு நாலு எண்டதையும் சேர்க்கச் சொன்னன்.

பூசணி, இந்த இடத்தில பகிடி இல்லை. 46 அளவுக்கு வாற பிள்ளைக்குச் சம்மதம். தாய்க்குத்தான் பயம், "படத்துக்குக் கீழ ஆக்கள் என்ன எழுதுவினமோ" எண்டு கேக்கிறா. இந்த ஊரில ஆளைக் கண்டதும் முதற் கதை "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" எண்டுதானே. அதையே முகம் தெரியாதவன் எழுதினால் எப்பிடி இருக்கும். அதால கடதாசியில எழுதி வாங்கிறம்: உடம்பைத் திருத்தப்படாது, படம் எங்கெங்க போகும், எத்தினை மாதம் கிடக்கும், கீழ வாற ஊத்தைக் கதையை ஆர், எத்தினை மணித்தியாலத்துக்குள்ள அழிக்கிறது, பிள்ளை வேண்டாம் எண்டால் எப்ப எடுக்கிறது. நாலு பேருக்கும் ஒரே காசு. "புதுப் பிள்ளைதானே, ஒரு சாறி குடுத்தால் காணும்" எண்டார் முதலாளி. மகள் பாத்த பார்வையில அந்தக் கதை அங்கயே நிண்டுது. நீ படம் அனுப்பேக்க திருத்தாத மூலப் படத்தையும் சேர்த்து அவளுக்கு ஒண்டு அனுப்பு.

வரேக்க 85ஐ மறக்காதை, வெளிச்சக் குடையையும் சொஃப்ட்பொக்ஸையும் கையில கொண்டுவராமல் பெட்டியில போடு. மற்றது, திருவிழாவுக்கு உனக்கும் ஒரு பிளவுஸ் தைக்கிறன். ஒன்பது அளவு: மேல்மார்பு, மார்பு, மார்புக்குக் கீழ, நாரி, தோள், கைச்சுற்று, கைநீளம், கமக்கட்டுச் சுற்று, முழு நீளம். இழைநாடாவை வேற ஆரிட்டயும் குடுத்து அளப்பி. வயிற்றை உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சு அளந்தால் எனக்குத் தெரியும், போனமுறை அனுப்பின அளவு இன்னும் கொப்பியில கிடக்கு.

இப்படிக்கு,
ஈர்க்கு
(இப்ப விளக்குமாறு எண்டு நீ சொல்ல முன்னம் நானே சொல்லிப்போட்டன்)