ஆவிகள் தபாலில் வந்த காலம்

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போகாதே. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி பிளஸ் ஒன்னில் இயற்பியல் எடுத்திருக்கிறாள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"காசு கொடுத்து யாராவது ஏமாறுவார்களா?" என்று கேட்டிருந்தாய், என் மகள் டொராண்டோவிலிருந்து கொண்டுவந்த மர்மப் பெட்டியைப் பற்றி. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் இது ஒரு தனி வியாபாரம். பணம் கட்டினால் தபாலில் பெட்டி வரும். உள்ளே ஒரு கதை இருக்கும், ஆனால் புத்தகமாக இருக்காது. கதாபாத்திரங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், ஒரு சாவி, பழுப்பேறிய போட்டோக்கள் என்று துண்டு துண்டாக இருக்கும். துப்பறிவது நம் வேலை. எங்களுக்கு வந்தது விக்டோரியா ராணி காலத்து லண்டன். மகனைப் பறிகொடுத்த ஒரு சீமாட்டி, அவள் வீட்டில் ஆவிகளை அழைத்துப் பேசவைக்கும் ஒரு மீடியம், அன்றிரவே காணாமல் போகும் ஒரு நகை.

பெட்டியில் ஒரு அட்டை இருந்தது. வெள்ளைத் தாளில் கரிய உருவம், அதன் நெஞ்சில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. இருபது எண்ணும் வரை இமைக்காமல் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பேத்தி பார்த்தாள். "பாட்டி, சுவத்துல வெள்ளையா நிக்குது!" என்று கத்திவிட்டாள். வெள்ளைத் தாளைப் பார்த்த விழித்திரைப் பகுதி களைத்துப் போயிருக்கும், கறுப்பைப் பார்த்த பகுதி ஓய்வாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்ததும் ஓய்ந்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். கண்ணைத் திருப்பினால் உருவமும் கூடவே நகரும். கையிலிருக்கும் நோட்டில் குட்டியாகத் தெரிகிற ஆவி, எட்ட இருக்கிற சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்கும். எம்மெர்ட் என்பவர் 1881-ல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். இந்த வித்தையை ஒரு புத்தகமாக லண்டனில் 1864-லேயே ஜே.எச். பிரவுன் என்பவர் போட்டிருக்கிறார். பேய் நம்பிக்கையைப் போக்கவே அதைப் போட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். டாக்டர் சரி என்று சொல்லும் வரை நீ இதைச் செய்து பார்க்காதே.

அதற்குச் சற்று முன், 1862 டிசம்பர் 24 அன்று, லண்டன் ரீஜென்ட் தெருவிலிருந்த ராயல் பாலிடெக்னிக் என்ற அறிவியல் காட்சிக்கூடத்தில், பெப்பர் என்ற விரிவுரையாளர் மேடையில் பேயைக் காட்டினார். மேடைக்கும் சபைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தகடு, சாய்த்து வைத்தது. கீழே பள்ளத்தில் வெள்ளை உடுத்திய ஒரு நடிகர் மறைந்திருப்பார். அவர் மேல் பலமான வெளிச்சம் பாய்ச்சினால் அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேடையில் நிற்கிறவருக்குப் பக்கத்தில் தெரியும். மேடை நடிகர் வாளை வீசினால் பேயின் உடம்பை ஊடுருவிப் போகும். ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் நம் முகமும் வெளியே ஓடும் மரங்களும் ஒன்றாகத் தெரியுமே, அதேதான். யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. ஆனால் அவர் சொன்னபடி செய்ய அரங்கத்தையே இடித்துக் கட்டியிருக்க வேண்டும். இருக்கிற அரங்கத்திலேயே செய்யலாம் என்று வழி கண்டுபிடித்தவர் பெப்பர். பெயரும் அவருக்கே போய்விட்டது. டர்க்ஸை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதெல்லாம் கண்ணைப் பற்றியது. நான் உனக்குச் சொல்ல வந்தது கையும் ஞாபகமும் செய்கிற வேலையைப் பற்றி.

ஹாஸ்டலில் லைட்டை அணைத்துவிட்டு, அட்டையில் எழுத்துகளைச் சுற்றி எழுதி, நடுவில் ரூபாய்க் காசை வைத்து ஆளுக்கொரு விரலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? காசு நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை என்று எல்லோரும் அம்மா மேல் சத்தியம் செய்தோம். அது பொய்ச் சத்தியம் இல்லை, பத்மா. 1853-ல் லண்டன் வீடுகளில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கை வைக்க, மேஜைகள் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஃபாரடே அதைச் சோதித்தார். நாம் பாடத்தில் படித்த அதே ஃபாரடே! மேஜைமேல் சில அட்டைகளை அடுக்கினார். நடுநடுவே மெழுகு மாதிரி இளகிய பசை உருண்டைகளை வைத்தார். கைகள் மேல் அட்டையில் இருக்கும். மேஜை தானே நகர்ந்தால் கீழ் அட்டை முந்த வேண்டும், கை தள்ளினால் மேல் அட்டை முந்தும். பார்த்தால் மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அடுத்து ஒரு நெம்புகோலில் வைக்கோல் முள் ஒன்றைப் பொருத்தினார். கை துளி அசைந்தாலும் முள் சாய்ந்து காட்டிவிடும். உட்கார்ந்தவர்கள் கண்ணில் முள் படும்படி வைத்ததும் மேஜை அசையவே இல்லை. தள்ளுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தவுடன் கை தானாக நின்றுவிட்டது. உட்கார்ந்தவர்கள் நேர்மையானவர்கள்தான் என்று ஃபாரடே எழுதினார். எவ்வளவு மரியாதையான சோதனை! யாரையும் பொய்யர் என்று சொல்லாமல் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்.

டேவி என்ற இளைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1876-ல் லண்டன் கோர்ட்டு வரை போன ஸ்லேட் என்ற மீடியம், சிலேட்டில் ஆவி எழுதுவதாகக் காட்டிவந்தார். டேவி அந்த மாதிரி வித்தைகளைத் தானே கற்றுக்கொண்டு வீட்டில் கூட்டம் நடத்தினார். வந்தவர்களை, கண்டதை எழுதித் தரச் சொன்னார். அவர்கள் எழுதியதையும் நடந்ததையும் ஹாட்ஜ்சன் என்பவர் ஒப்பிட்டு 1887-ல் வெளியிட்டார். அவர்கள் எழுதியதில் முன்னே நடந்தது பின்னே போயிருந்தது. முக்கியமான அசைவு விட்டுப்போயிருந்தது. சிலேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை என்று சத்தியமாக எழுதியிருந்தார்கள். டார்வினோடு சேர்த்துப் பேசப்படுகிற வாலஸ்கூட, டேவி செய்தது வெறும் வித்தை என்பதை ஏற்கவில்லை. அவர் நிஜமான மீடியமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஹாட்ஜ்சன் உன் அடையாறுக்கும் வந்திருக்கிறார், தெரியுமா? நீ வாக்கிங் போகிற தியசாபிகல் சொசைட்டிக்குத்தான். அங்கே, சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அறைச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி இருந்தது. அதில் கடிதத்தை வைத்தால், எங்கோ தொலைவில் இருக்கும் மகாத்மாக்கள் என்ற ஞானிகளின் பதில் வரும் என்றார்கள். பின்பக்கம் ரகசியப் பலகை இருந்ததாக, அங்கே வேலை பார்த்த எம்மா கூலோம் சொன்னார். 1884-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் அது வெளிவந்து பெரிய அமளியானது. விசாரிக்க ஹாட்ஜ்சன் அந்த டிசம்பரில் வந்து சேர்ந்தபோது அலமாரியே இல்லை. எல்லாம் மோசடி என்று அவர் 1885-ல் எழுதினார். சொசைட்டி மறுத்தது. அவரை அனுப்பிய, இந்த மாதிரி ஆவி விஷயங்களை ஆராயும் லண்டன் கழகத்தின் பத்திரிகையிலேயே 1986-ல் ஹாரிசன் என்பவர், ஹாட்ஜ்சனின் விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று விரிவாக எழுதினார். நான் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது இதையும் நினைத்துக்கொள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 1901-ல், ராணி இறந்த அதே வருஷம், சிகாகோவில் சில்வெஸ்டர் என்ற கம்பெனி ஒரு விலைப்பட்டியல் போட்டது. அது மீடியம்களுக்குள் ரகசியமாகச் சுற்றியது. நீட்டி மடக்கும் கம்பி, தானாக ஒலிக்கும் கிடார், வித்தைச் சிலேட்டு எல்லாம் அதில் உண்டு. இருட்டில் ஒளிரும் பெண் உருவம், மெல்லத் தோன்றி, மிதந்து, மறைவது, 50 டாலர். பணம் அனுப்பினால் ஆவி பார்சலில் வரும்! அந்தப் பார்சலைப் பிரித்தவர் மீடியம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர், இருட்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் தாய். என் மகளின் பெட்டியில் அரக்கு வைத்த கடைசிக் கவர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வித்தையும் எப்படி நடந்தது என்று அதில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மம்லர் செய்ததுதான் ஏமாற்று. பாஸ்டன் போட்டோக்காரர். போட்டோ எடுத்துக்கொள்கிறவரின் பின்னால் செத்துப்போனவரின் மங்கிய உருவத்தை வரவழைப்பார். 1869-ல் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. எப்படிச் செய்தார் என்று நிரூபிக்க முடியாததால் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவரிடம் போய் உட்கார்ந்தவர், ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி. அதற்குள் கணவரோடு மூன்று மகன்களையும் பறிகொடுத்திருந்தார். கறுப்பு உடையில் அவர் உட்கார்ந்திருக்க, லிங்கன் அவர் தோளில் கை வைத்திருப்பது போல ஒரு படம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எனக்கு மம்லர் மேல் கோபம் பொங்குகிறது.

பெட்டியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மீடியத்தை வெறும் திருடியாக முடித்துவிட்டார்கள். 1848-ல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் கிராமத்தில், ஆவி தட்டிப் பதில் சொல்கிறது என்று இதையெல்லாம் தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகள் சின்னப் பெண்கள். கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தத் தட்டும் சத்தத்தைச் செய்தோம் என்று அவர்களில் ஒருவரான மேகி 1888-ல் மேடையேறிச் சொன்னார், மறு வருஷமே அதை மறுத்தார். நடுவில் நாற்பது வருஷம், எத்தனை பேர் அவர்களை வைத்துச் சம்பாதித்தார்கள்! இரண்டு பேரும் வறுமையில்தான் செத்தார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு கடிதமாவது பெட்டியில் இருந்திருக்கலாம்.

பெட்டியைக் கொரியரில் உனக்கு அனுப்புகிறேன். கடைசிக் கவரை அப்படியே திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன், முதலில் பிரித்துவிடாதே. உன் கண் தேறியதும் நீயும் மருமகளும் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். முடிந்ததும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்கு முன், நடந்ததைத் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பு. பேத்தி ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
சரோஜா