நான்காவது கோரிக்கை மனு: எங்கள் பெண்களின் எழுத்தறிவுத் தேர்வை அவர்களே எழுத வழி செய்யுங்கள்

அனுப்புநர்
தன்னார்வலர் மற்றும் கற்போர்,
கீழத்தெரு எழுத்தறிவு மையம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் – எங்கள் மையக் கற்போரின் விடைத்தாள்களைப் பிறர் எழுதியது – மறுபடியும் தேர்வு வைத்து, மையத்தைத் தொடர்ந்து நடத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வட்டார அளவில் நேரில் கொடுத்த மனு. 2. மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு (ரசீது உள்ளது). 3. பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. சென்ற ஆண்டு மையத்தைப் பார்க்க வந்தபோது ஏரிக்கரைப் பள்ளியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மாரியம்மன் கோயில் மண்டபம் வரை நடந்தே வந்தீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பூக்கார அக்காவின் சிலேட்டை வாங்கிப் பார்த்து, "கையெழுத்து அழகா இருக்கும்மா" என்றீர்கள். அந்த அக்காவுக்காகவும் அவரோடு படித்த மற்ற 21 பேருக்காகவும்தான் இந்த மனு.

1. இந்தத் திட்டத்தில் ஒருவருக்கு 200 மணி நேரம் சொல்லித்தர வேண்டும். நூறு நாள் வேலை முடிந்து, சமையல் முடிந்து, இரவு 7 மணிக்கு மேல்தான் எங்கள் பெண்கள் வருவார்கள். அப்படியும் 200 மணி நேரத்தை முடித்தோம். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது என்பது தெரிந்துதான் நான் வந்தேன், அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

2. தேர்வு நாளன்று நடந்ததை முந்தைய மனுக்களிலும் எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். பூக்கார அக்கா 10 ரூபாய்க்குப் புதுப் பேனா வாங்கி, அதைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். பெயர் எழுதும் கட்டத்தை நிரப்ப அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, ஆனாலும் முழுப்பெயரையும் அவரே எழுதினார். அதற்குள் தேர்வு நடத்த வந்தவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, ஆளுக்கொரு பாட்டி பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "நேரமாச்சு, குடுங்க பாட்டி, நான் எழுதிடறேன்" என்று பிள்ளைகள் தாளை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தார்கள். விடைத்தாள்களைக் கட்டிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்ததால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி. 22 தாளிலும் விடை 4. கணவர் இறந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கும் மேலத்தெரு பாட்டியின் தாளிலும் 4.

அங்கேயே கேட்டேன். "எல்லாரும் பாஸ் ஆகணும்மா, லிஸ்ட் கேக்கறாங்க" என்று பதில் வந்தது.

3. ஐயா, இனி எழுதுவதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

22 பேருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. அதனால் 22 பேரும் எழுத்தறிவு பெற்றவர்கள் என்று பதிவாகிவிட்டது, மையமும் மூடப்பட்டது. அடுத்த சுற்றில் பெயர் கொடுக்கப் போனால் "ஏற்கெனவே தேர்ச்சி" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இவர்களில் பத்துப் பேருக்காவது இன்னும் கொம்பும் காலும் குழப்பம், கழித்தலில் கடன் வாங்க வராது. இன்னும் மூன்று மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும். உட்கார இடம்தான் இல்லை.

பூக்கார அக்கா போன மாதம் வங்கிக்குப் போயிருக்கிறார். பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தரச் சொல்லி வரிசையில் நின்ற ஒருவரிடம் கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்தான் அவர். "உனக்குத்தான் சர்டிபிகேட் குடுத்துட்டாங்களே, நீயே எழுது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பணம் எடுக்காமலே திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தார். லேமினேட் போட்டிருந்தார், அதற்கு 30 ரூபாய் செலவழித்திருக்கிறார். "இது எனக்கு வேண்டாம் தங்கச்சி. யாரு எழுதினாங்களோ அந்தப் புள்ளைக்கே குடுத்துடு" என்றார். இன்றைக்கும் அது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

என் அம்மா அறிவொளி இயக்கக் காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். சான்றிதழ் என்று எதையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் பேருந்துப் பலகையை அவரே படிக்கிறார், ரேஷன் கடையில் பில்லைச் சரிபார்க்கிறார். எங்கள் பெண்கள் கேட்பதும் அந்த அளவுதான்.

4. இப்படிச் செய்ய என்ன அவசியம் வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. தேர்வு விதி இரக்கமாகத்தான் இருக்கிறது. படிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, ஆக மொத்தம் 150 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 17 எடுத்தால் போதும். நேரம் 3 மணி. அதுவும் அன்று பகலில் தங்கள் வசதிப்படி வந்து எழுதலாம். அந்த 17 எடுக்க முடியாதவருக்கும் 'முன்னேற்றம் தேவை' என்றுதான் போடுவார்கள், அடுத்த முறை எழுதலாம். மேலத்தெரு பாட்டிக்கு 'முன்னேற்றம் தேவை' என்று வந்திருந்தால் அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார், மறுநாளே சிலேட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார். கூலிக் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்று வந்தவர் அவர். இல்லாத மூன்று பேரை அவர் குடும்பத்தில் சேர்த்துப் பாஸ் போட்டு யாருக்கு என்ன லாபம்?

5. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. என்ன நடவடிக்கை, யாரிடம் விசாரித்தார்கள்? எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாவது மனு பிரித்துப் படிக்கப்பட்டதா என்றே தெரியவில்லை. எத்தனை முறைதான் ஐயா எழுதுவது? விடைத்தாளை எடுத்து ஒரே ஒரு பக்கம் பார்த்தால் போதுமே, பெயர் ஒரு கையெழுத்து, விடையெல்லாம் வேறு கையெழுத்து என்று.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். யாரையும் தண்டிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கு இருக்கும் வேலைச் சுமையும் எங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து தாங்களோ தங்கள் பொறுப்பில் ஒருவரோ ஒரு நாள் மாலை மண்டபத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு பெண்ணையும் தனியாக அழைத்து நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள், இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், ஒரு கூட்டல், ஒரு கழித்தல் கொடுங்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். தெரிந்தவருக்குத் தேர்ச்சி போடுங்கள். தெரியாதவர் பெயரைத் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து எடுத்து, கற்போர் பட்டியலில் மறுபடி சேர்த்து, மையத்தைத் திறக்க உத்தரவிடுங்கள். சம்பளமில்லாமல் சொல்லித்தர நான் இன்றும் தயார். அப்புறம், அடுத்த தேர்வில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று எழுத்துபூர்வமாகச் சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று நினைக்காமல் இந்த முறையாவது வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தன்னார்வலர் மற்றும் கற்போர் 22 பேர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், ஒரு தாள். யாரும் கைநாட்டு வைக்கவில்லை. 7, 12, 19 ஆகிய எண்களில் பெயர் பாதியோடு நிற்கும். அவர்களுக்கு அதுவரைதான் எழுத வந்தது, மீதியை நான் எழுதவில்லை.