கடல் இறாலையும் பேச்சுவார்த்தையில சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இந்தியா-அமெரிக்கா வர்த்தக உறவு பத்தின உங்க தலையங்கம் படிச்சேன். 2025 ஆகஸ்ட்ல இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கறதைக் காரணம் காட்டி அமெரிக்கா நம்ம பொருளுக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினதுல இறால் ஏற்றுமதி அடி வாங்கினது உண்மைதான், ஆனா அது பெரும்பாலும் ஆந்திரா பக்கத்து பண்ணை இறால். எங்க காசிமேட்டு போட்ல வர்ற கடல் இறாலுக்கு வரி எவ்வளவுங்கற பேச்சுக்கே இடமில்ல, வலையில ஆமை தப்பிக்கிற கருவி இல்லன்னு அமெரிக்கா பல வருஷமா அதை வாங்கறதே இல்ல. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு நாடும் இந்த மாதிரி தடையை எதிர்த்துப் போட்ட கேஸ்ல 1998ல உலக வர்த்தக அமைப்பு அமெரிக்கா பாரபட்சம் காட்டுதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, ஆனா ஆமைக்காக சட்டம் போடறதே தப்புன்னு சொல்லல, அந்த சட்டம் இன்னைக்கும் நிக்குது.

இந்தத் தடையை வல்லரசு மிரட்டலா மட்டும் பார்க்கறது சரியில்லைங்க. தை மாசம் திருவொற்றியூர் கரையில நடந்து பாருங்க, பங்குனி ஆமைங்க வலையில சிக்கி, கண்ணு பிதுங்கி கழுத்து வீங்கி செத்து ஒதுங்கிக் கிடக்கும், பார்க்கவே மனசு பதறுது. கருவி மாட்டினா ஆமை தப்பிக்கிற ஓட்டை வழியா மீனும் போயிடும்னு போட்டு டிரைவருங்க பயப்படறாங்க, அந்த பயம் நியாயமானது, வயித்துப் பொழப்பு. அதனால கொச்சியில மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்குன்னே உருவாக்கின கருவியை அரசு இலவசமா குடுத்து, அவங்க போட்லயே கூட போய் ஓட்டிக் காட்டட்டும், மீன் எவ்வளவு போகுதுங்கற கணக்கை கையில வெச்சுக்கிட்டு டெல்லி அடுத்த பேச்சுவார்த்தையில கடல் இறாலுக்கு அனுமதி கேக்கட்டும்.

- ஒரு வாசகர், காசிமேடு, சென்னை