ஐஸ் ஹாக்கியை ஒளித்துவைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சில விளையாட்டுகள் ஏன் எடுபடுவதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க ரசிகனுக்குப் பொறுமை கிடையாது, வேகமும் மோதலும் இருந்தால்தான் உட்காருவான் என்பது அதன் சாரம். கிரிக்கெட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பொருந்துவதுபோலத் தோன்றும். நான் வசிக்கும் மினசோட்டாவில் குளிர்காலம் முழுக்க ஆடப்படும் ஐஸ் ஹாக்கியைக் கட்டுரையாளர் கணக்கிலேயே எடுக்கவில்லை. வேகத்தில் அதை மிஞ்சும் குழு விளையாட்டு அரிது. மோதலுக்கும் பஞ்சமில்லை, கையுறையை உதறிவிட்டுக் குத்துச்சண்டையே நடக்கும், நடுவர்கள் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் விலக்கிவிடுவார்கள். கட்டுரையாளரின் கணக்குப்படி இதுதான் இங்கே முதல் விளையாட்டாக இருக்க வேண்டும். இருப்பதோ அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றுக்கும் பின்னால். முதலிடத்தில் உள்ள அமெரிக்கக் கால்பந்தில், மூன்று மணி நேர ஒளிபரப்புக்குள் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான் என்று 2010இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அளந்து எழுதியது. அதைப் பார்க்கிறவர்களுக்கா பொறுமை இல்லை?

ரசனையை விட்டுவிட்டு, தொலைக்காட்சி நிலையங்கள் யாரை எப்படி நடத்தின என்று பாருங்கள். 1968 நவம்பர் 17 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியும் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய 65 விநாடி இருந்தபோது, மணி ஏழாகிவிட்டது என்று என்பிசி சிறுவர் படம் ஒன்றைப் போட்டுவிட்டது. அந்தக் கடைசி நிமிடத்தில் ஓக்லண்ட் இரண்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்து 43-32 என்று ஜெயித்தது. நாடே கொதித்தது. வந்து குவிந்த அழைப்புகளில் நிலையத்தின் தொலைபேசி இணைப்பகம் படுத்துவிட்டது. நிலையத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை காட்டியே ஆக வேண்டும் என்று கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டது.

அதே என்பிசி, 2007 மே 19. ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவாகும் கட்டத்தில் பஃபலோ அணியும் ஒட்டாவா அணியும் 2-2 என்று சமநிலையில் நின்று, கூடுதல் நேரம் தொடங்க இருந்தது. அந்த நேரத்தில் பால்டிமோர் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். பந்தயத்துக்குக்கூட இல்லை, பந்தயத்துக்கு முன்பு நடக்கும் அரட்டைக்கு! மீதி ஆட்டம் 'வெர்சஸ்' என்ற கேபிள் சேனலுக்குத் தள்ளப்பட்டது. அந்தச் சேனல் இல்லாதவர்கள் ஒட்டாவா அடித்த வெற்றி கோலைப் பார்க்கவில்லை. ஹாக்கி ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், திட்டியதோடு சரி.

வெர்சஸுக்கு ஹாக்கி வந்த கதையும் சுவையானது. 2004-05 பருவம் முழுவதையும் அணி முதலாளிகள், வீரர்களுடனான சம்பளத் தகராறில் கதவடைப்புச் செய்தே அழித்தார்கள். இதில் ஹாக்கிக்காரர்கள்மேல் பழி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதுவரை ஹாக்கியைக் காட்டிவந்த, அடுத்த ஆண்டு ஒளிபரப்பு உரிமைக்கு 6 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்த விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன் கழன்றுகொண்டது. வேட்டையும் மீன்பிடிப்பும் சைக்கிள் பந்தயமும் காட்டிவந்த ஓஎல்என் என்ற சிறு சேனல் ஹாக்கியை எடுத்துக்கொண்டது. அதுவே பிறகு வெர்சஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விஷயம் இதோடு முடியவில்லை. நாள் முழுவதும் விளையாட்டுச் செய்தி வாசிப்பதும், எதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் ஈஎஸ்பிஎன்தான். தன் கடையில் விற்காத சரக்குக்கு அது எதற்கு விளம்பரப் பலகை மாட்டப்போகிறது? 2021இல் உரிமையைத் திரும்ப வாங்கும்வரை அந்தச் சேனலின் விவாதங்களில் ஹாக்கி ஓரமாகத்தான் இருந்தது.

இவ்வளவு ஏன், 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியை வீழ்த்தியதை இன்றும் கண்கலங்கிப் பேசுகிறார்களே, அந்த ஆட்டத்தைக்கூட ஏபிசி நேரலையாகக் காட்டவில்லை. மாலை ஐந்து மணிக்கு நடந்ததை எட்டு மணிக்குப் பதிவாகத்தான் போட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய வேறு காரணங்களும் உண்டு. பனித்தளமும் கவசங்களும் செலவு பிடித்தவை. ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் கறுப்பு வட்டு சின்னத்திரையில் கண்ணுக்கு அகப்படுவதே பாடு. 1996இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதைச் சுற்றி நீல ஒளியும், வேகமாகப் போனால் சிவப்பு வாலும் வரைந்து காட்டியது. பழைய ரசிகர்கள் கேலி செய்தார்கள், இரண்டு ஆண்டில் கைவிட்டார்கள். தவிர, ஹாக்கி ரசிகர்கள் தங்கள் ஊர் அணியோடு நின்றுவிடுகிறார்கள். செயின்ட் பாலில் பள்ளி மாணவர்களின் மாநிலப் போட்டிக்கே பெரிய அரங்கம் நிறைந்துவிடுகிறது. அதே ஆட்கள் புளோரிடாவும் டல்லாஸும் ஆடினால் டிவியைப் போட்டுப் பார்ப்பதில்லை. தேசியச் சேனலின் எண்ணிக்கையில் இவர்கள் வருவதே இல்லை.

ஆனால் காட்ட வேண்டிய இடத்தில் காட்டினால் வருகிறார்கள். 2025 பிப்ரவரி 20 அன்று பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் இறுதிப் போட்டியில் கனடா அமெரிக்காவை 3-2 என்று வென்றதை, ஈஎஸ்பிஎன்னில் இந்த நாட்டில் மட்டும் சுமார் 93 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த பகுதி மகளிர் விளையாட்டு பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். "பார்க்க ஆளில்லை" என்று அதிலும் எழுதுவதற்கு முன், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கேட்டு வாங்கிய 2021 அறிக்கையைக் கட்டுரையாளர் ஒருமுறை படிக்கட்டும். மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2025இல் ஆண்டுக்கு 8.1 முதல் 11.2 கோடி டாலர் பெறும் என்று அது மதிப்பிட்டது. என்சிஏஏயோ வேறு இருபத்தெட்டுப் போட்டிகளையும் சேர்த்துக் கட்டி, மொத்தமாகவே ஆண்டுக்குச் சுமார் 3.4 கோடிக்கு விற்றிருந்தது. 2024இல் மகளிர் இறுதி ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும் ஏபிசியில் வந்தது. ஆடவர் ஆட்டம் கேபிளில். மகளிர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1.87 கோடி, ஆடவர் ஆட்டத்தை 1.48 கோடி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செயின்ட் பால், மினசோட்டா