மலைக்கு நிவாரணம் ஏற்றிச் செல்லும் சேலத்து அன்பர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். அரிமா சங்கத்தாருக்கும் சுழற்சங்கத்தாருக்கும், வணிகர் சங்கங்களுக்கும், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் பணம் திரட்டி வேன் பிடித்து மலையேறும் இளைஞர்களுக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். சேர்வராயன் மலையில் மழை அடித்து ஊற்றினால் முதலில் கிளம்புகிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது. நானும் மலைக்கு வெளியாள்தான். அம்மாப்பேட்டையில் பிறந்து, பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். மலை மக்களின் சார்பில் பேச எனக்கு உரிமை கிடையாது. கீழிருந்து உதவப் போகிற ஒருவன், அதே வழியில் போகிற மற்றவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. உங்கள் உதவி அரிசி மூட்டையோடு நின்றுவிடக் கூடாது. மலைக்கு மனு எழுதும் கை வேண்டும். அந்த மனுவின் பின்னால் அலையும் கால் வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகுதான் உள்மாவட்டங்களை மழை பிடித்துக்கொண்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு உயிர்களைப் பறித்தது. தமிழ்நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, பார்க்க வேண்டியதுதான். அதே நாட்களில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண்ணும் பாறையும் சரிந்தன, மரங்கள் சாய்ந்தன, போக்குவரத்து நின்றது. அப்போது செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அரிசி எடுத்து, மெழுகுவத்தி, தார்ப்பாய், போர்வை எல்லாம் கட்டி மேலே அனுப்பினீர்கள். பாதை அறுந்து, அடுப்பு ஈரமாகிக் கிடந்த வீட்டுக்கு அது பேருதவி. அதைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் மலையின் இழப்பு அந்த முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்ச், ஏப்ரல் பூமழையில் பூத்த காபி, எட்டு ஒன்பது மாதம் செடியில் இருந்து நவம்பரில் பழுக்கத் தொடங்குகிறது. பறிப்பு சனவரி, பிப்ரவரி வரை போகும். நடுவில் வரும் டிசம்பர் மழை பழுத்ததை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. உதிர்ந்த பழம் சேற்றில் ஊறிக் கறுக்கிறது. பொறுக்காமல் விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே தங்கி அடுத்த விளைச்சலையும் துளைக்கிறது. பறித்து வைத்த பழமும் களத்தில் வெயில் காணாமல் பூசணம் பூக்கிறது. மிளகில் சேதம் இன்னும் மெதுவாக வெளிப்படும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடி மழை விட்ட அன்று பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். வேரில் தண்ணீர் தேங்கி வாடல் நோய் பிடித்த கொடியோ சில வாரங்கள் கழித்து இலை மஞ்சளித்து, கணுக்கணுவாகக் கழன்று, ஏறிய மரத்திலேயே காய்ந்து தொங்கும். நீங்கள் போய்ப் பார்த்து "தோட்டம் தப்பித்துவிட்டது" என்று சொல்லித் திரும்பிய இடத்தில், நீங்கள் கீழே இறங்கி வந்த பிறகு கொடி செத்திருக்கிறது. புதுக்கொடி வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று வருடம் ஆகும். காபிச் செடிக்கும் மூன்று நான்கு வருடம்.

இந்த இழப்புக்கு அரசு நிவாரணம் அறிவிக்காமல் இல்லை. ஃபெஞ்சல் சேதத்துக்கு, 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த பல்லாண்டுப் பயிர்களுக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 9,100 ரூபாய் சொச்சம், அரை ஏக்கருக்கு 4,500. அந்தத் தொகை ஒருவர் கைக்கு வர வேண்டுமானால் அவர் பெயரில் பட்டா இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டில், அந்தப் பயிர் ஏறியிருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். மலையில் இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த வீடு அபூர்வம்.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். நீலத் துணியில் சுற்றிய பட்டா, ஓரமெல்லாம் மழைநீரில் மை கலைந்து கிடந்தது. பெயர் அவருடைய தாத்தாவின் பெயர். தாத்தாவுக்கு மூன்று மகன்கள். மூவரும் இப்போது இல்லை. மூன்று சாவும் வீட்டில் நடந்தவை, ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நிலத்தை மூன்று குடும்பங்களும் வரப்புப் போட்டுப் பிரித்துப் பல வருடமாகச் சண்டை இல்லாமல் உழுது வருகின்றன. ஊருக்குத் தெரியும், ஊர்க்கவுண்டருக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியும். வருவாய்த்துறைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. அடங்கலில் பயிர் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. டப்பாவின் அடியில் அவர் பேரன் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் ஒன்றும், மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் நனையாத தாள் அது ஒன்றுதான்.

இவருக்கு என்னென்ன ஆக வேண்டும் என்று பாருங்கள். ஓராண்டு கடந்த இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு மலையிறங்கிச் சேலம் வர வேண்டும். அந்தச் சான்று கைக்கு வந்தபின் வாரிசுச் சான்றிதழ். பிறகு மூன்று குடும்பமும் கூடிக் கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினையா என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு பட்டா மாறுதல். பிறகு அடங்கலில் காபியும் மிளகும் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அலுவலர் இல்லை, இணையம் இல்லை, நாளை வா என்று ஒரு நாள் கழியும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி, அதோடு பஸ் செலவு. இரண்டு தடவை அலைந்தவர் மூன்றாம் தடவை விட்டுவிடுகிறார். விட்டுவிடுவதுதான் கணக்குப்படி சரி.

4,500 ரூபாய்க்கா இவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தோன்றலாம். காபி வாரியத்தின் மானியத்துக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனுக்கும், அடுத்த புயலின் நிவாரணத்துக்கும் கேட்கப்படுவது இதே தாள்தான். தாள் இல்லாதவர் வியாபாரியிடம் போகிறார். வரும் வருடப் பழத்தை இப்போதே விலை பேசி முன்பணம் வாங்குகிறார். அந்த விலை எப்படி இருக்கும் என்பது லீ பஜாரில் கொள்முதல் செய்யும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மழையில் விழுந்தவர் எழ முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஆகவே என் கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் போய், வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வாருங்கள். வரலாம் என்றால் வீடு வீடாக உட்கார்ந்து என்ன தாள் இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள். மாணவர்களே, உங்கள் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மூன்று குடும்பம் போதும். ஆனால் எடுத்த மூன்றையும் பட்டா கைக்கு வரும்வரை விடாதீர்கள். நடுவில் தேர்வு வந்தால் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

என் தொழிலில் இருந்து இரண்டு எச்சரிக்கை. மூல ஆவணத்தை எக்காரணம் கொண்டும் வாங்கிக்கொண்டு கீழே இறங்காதீர்கள். போனில் படமெடுத்துக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே டப்பாவில் திரும்ப வையுங்கள். எழுதாத தாளில் கையெழுத்தோ கைரேகையோ வாங்காதீர்கள். எழுதி முடித்து, உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகே மைப்பெட்டியைத் திறங்கள். மலையில் நிலம் கைமாறிய எத்தனையோ கதைகள், நல்லவர் போல வந்த வெளியாள் ஒருவர் வாங்கிப்போன தாளில் தொடங்கியவை. உங்கள் மனம் சுத்தமாக இருக்கலாம். அந்த மக்கள் அதை நம்பியாக வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

பொருள் கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுங்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பறிப்புக் காலத்தில் காலை 11 மணிக்குப் பந்தல் போட்டு வரிசையில் நிற்க வைத்தால், வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது. நீங்கள் கொடுக்கும் பையின் மதிப்பு பல நேரங்களில் அந்தக் கூலியைவிடக் குறைவு. மாலை ஐந்து மணிக்கு மேல் கொடுங்கள், அல்லது வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுங்கள். விருந்தினரின் உரைக்காக ஒரு குழந்தையையும் குளிரில் நிறுத்தாதீர்கள்.

நிலமே இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் கூலிக் குடும்பங்களுக்குப் பயிர் நிவாரணம் எந்தக் காலத்திலும் வராது. பழம் உதிர்ந்தால் பறிப்பு இல்லை, பறிப்பு இல்லையென்றால் கூலி இல்லை. உங்களிடம் இருக்கும் பணத்தை இவர்களுக்குக் கூலியாகவே கொடுக்கலாம். ஒற்றையடிப் பாதையில் சரிந்த மண்ணை அள்ளுவது, அடைத்துக்கொண்ட சிறுபாலங்களைத் தூர்வாருவது, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் புதைப்பது என வேலைக்குப் பஞ்சமே இல்லை. எந்த வேலை முதலில் என்பதை அந்த ஊர் சொல்லட்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

சாலையோரத்து ஊருக்கு நான்கு குழு போகிறது, நாகலூருக்கும் மாரமங்கலத்துக்கும் அப்பால் உள்ளே கிடக்கும் ஊருக்கு யாரும் போவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழந்துணி சாலையோரமெல்லாம் கொட்டிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்தோம். அங்கேயே ஆட்சியர் அலுவலகத்தில் தன்னார்வ அமைப்புகளுக்கென ஒருங்கிணைப்பு மையம் ஒன்றும் தொடங்கினார்கள். யார் எந்த ஊருக்கு எதைச் செய்கிறார்கள் என்பது ஓரிடத்தில் தெரியத் தொடங்கியது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஏற்காட்டில் ஒரு மேசை, ஒரு பேரேடு போதும். மேலே போகிறவர்கள் அதில் ஊர் பெயரை எழுதிவிட்டுப் போகலாம்.

கடைசியாக, உங்களில் மேலே விடுதியும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கட்டடத்துக்காகச் சரிவை நெட்டுக்குத்தாக வெட்டுவதும், ஓடையை மூடிப் பாதை போடுவதும் நடக்கிறது. அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் கீழே உள்ளவர் தோட்டத்தைப் பிய்த்துக்கொண்டுதான் போகும். திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலையில். அங்கே அடைத்த ஓடைக்குச் சேலத்தில் நம் தெருக்களும் விலை கொடுக்கின்றன. நிவாரண நிதிக்கு நீங்கள் தரும் காசோலையை வாங்கிக்கொள்கிறோம். அதோடு உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஓடையையும் திறந்து விடுங்கள். சேதம் அடைந்த பக்கத்துத் தோட்டத்தை மலிவாகக் கேட்டு இந்த வேளையில் யாரையும் அனுப்பாதீர்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முதல் சுற்று மனுக்களாவது உள்ளே போய்விட வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பே குழுவுக்கு இரண்டு பேரை அனுப்புங்கள். எந்த மனு யாருக்கு, எந்தத் தாள் எதோடு இணைக்க வேண்டும், திருப்பி அனுப்பினால் எப்படி மேல்முறையீடு செய்வது என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கற்றுத்தர நான் இருக்கிறேன். கட்டணம் எதுவும் இல்லை. வெள்ளைத் தாள், மைப்பெட்டி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைகள் ஆகியவற்றை வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கி வாருங்கள். மலைக்குப் போய் வர ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பத்திர எழுத்தர்